நான்காவது மூலை

படச்சட்டத்தின் மூன்று மூலைகள் ஒழுங்காகப் பொருந்திவிட்டன. நான்காவதில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது. சந்தேகத்துக்கு நானேதான் நுழைத்துப் பார்த்தேன். தடங்கலே இல்லாமல் உள்ளே போய், சாப்பாட்டு மேஜையில் விழுந்து உருண்டது.

நான் வரைந்த தஞ்சாவூர்ப் படத்துக்கு நானே சட்டம் போடுவது என்று உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. 15க்கு 12 அங்குலத்தில் ஆலிலைக் கிருஷ்ணன். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம் என்று வரைந்து முடிக்க நான்கு மாதம் ஆனது. சட்டத்துக்கு ஒரு மதியம் போதும் என்று நினைத்தேன். நான்கு கட்டை, எட்டு வெட்டு, எட்டுமே 45 டிகிரி. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளுக்குக் கோணத்தில் என்ன பயம்?

கடையில் கொடுத்திருக்கலாம். அதற்கு முந்தைய படத்தைக் கொடுத்துப் பட்ட பாடுதான் என்னை ரம்பம் பிடிக்க வைத்தது. தஞ்சாவூர்ப் படம் மேடு பள்ளமானது. பலகையில் துணி ஒட்டி, மக்கு (சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கலவை) ஏற்றி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுகிறோம். அந்தக் கடையில் சாதாரண போட்டோவுக்குப் போடுகிற மாதிரி கண்ணாடியைக் கற்களின் மேலேயே வைத்து அழுத்தி மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மனின் ஒட்டியாணத்தில் இரண்டு கல் இல்லை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே விரல் நுனி அளவாவது இடம் வேண்டும். அப்படியென்றால் சட்டத்தின் உள்பக்கக் காடி, அதாவது கண்ணாடியும் படமும் உட்காரும் பள்ளம், ஆழமாக இருக்க வேண்டும். கண்ணாடி 3 மில்லிமீட்டர், இடைவெளிக்கு ஒட்டும் மெல்லிய மரக்குச்சி (ரீப்பர்) 6, பலகை 6, பின்னால் ஹார்ட்போர்டு 3 என்று கூட்டினால் 18 மில்லிமீட்டர். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பளபள பட்டைகளில் பாதிக்கு இந்த ஆழம் கிடையாது. வாங்கும்போதே ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் மைட்டர் பாக்ஸ் (ரம்பத்தை 45 டிகிரியில் நடத்தும் தடங்கள் உள்ள பெட்டி) ஒன்றும், சின்ன ரம்பம் ஒன்றும் வாங்கினேன். பட்டை பைன் மரம், 40 மில்லிமீட்டர் அகலம். பெவிகால் வீட்டில் எப்போதும் இருக்கும். வெட்டினேன், ஒட்டினேன், நாணயம் விழுந்தது.

அடுத்து நான் செய்ததை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இடைவெளியில் பசையைப் பிழிந்து, மரத்தூளைத் தூவி, துணி காயப்போடும் கயிற்றால் சட்டத்தைச் சுற்றி இறுக்கினேன். நான்காவது மூலை மூடிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் எதிர் மூலை வாயைத் திறந்திருந்தது. அதை இறுக்கினால் இது திறந்தது. இரவு பத்து மணிவரை இந்த விளையாட்டு.

எங்கள் தெரு முனையில் கட்டில், கதவு, ஜன்னல் வேலை செய்கிற ஆசாரி அண்ணன் இருக்கிறார். அவர் மகள் என்னிடம் படித்தவள். மறுநாள் காலை பால் வாங்க வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்த நான்காவது மூலையைப் பார்க்கவே இல்லை. பசை முழுதாகக் காயாததால் கட்டைகளைத் தட்டிப் பிரித்தார். நீளக் கட்டைகள் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து மேஜைமேல் நிற்க வைத்து, ஒரு முனையை உள்ளங்கையால் சமப்படுத்திவிட்டு, மறுமுனையில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக இழுத்தார்.

“நகம் இடறுது பாருங்க டீச்சர்.”

நானும் இழுத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத படி ஒன்று நகத்துக்குத் தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

“மூலையில தப்பு தேடாதீங்க. எதிரெதிர் கட்டை ரெண்டும் ஒரே நீளமான்னு மொதல்ல பாருங்க. அது சரியில்லைன்னா பெருமாளே வந்தாலும் நாலாவது மூலை சேராது.”

செவ்வகத்தின் எதிர்ப் பக்கங்கள் சமம். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிற வரி. டேப்பை வைத்து இரண்டு கட்டைகளையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாகக் கோடு போட்டு வெட்டியிருந்தேன். பென்சில் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். கோட்டின் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ரம்பம் போனால் முடிந்தது கதை.

இப்போதெல்லாம் இரண்டாவது கட்டையை நான் அளப்பதே இல்லை. வெட்டும் பலகையில் ஒரு தடுப்புக் கட்டையை ஆணி அடித்து நிறுத்திவிடுகிறேன். முதல் கட்டையின் முனை அதில் முட்டி நின்று வெட்டுப்பட்டது என்றால் அடுத்ததும் அதே இடத்தில் முட்டி நின்று வெட்டுப்படும். எத்தனை மில்லிமீட்டர் என்பது ஒன்றிரண்டு முன்பின் இருந்தாலும் பாதகமில்லை, ஜோடி ஒன்றாக இருந்தால் போதும்.

நீளம் பாதி வியாதிதான். மீதிப் பாதி கோணம். அன்று சாயங்காலம் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு வெட்டிலும் கால் டிகிரி ஒரே பக்கமாகத் தப்பினால், எட்டு வெட்டுக்கு 2 டிகிரி. முதல் மூன்று மூலைகளை நாம் அழுத்தி மூடிவிடுவதால் அந்த 2 டிகிரியும் கடைசி மூலைக்கு வந்து சேர்கிறது. 40 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் சாய்வு வெட்டின் நீளம் கிட்டத்தட்ட 57 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் 2 டிகிரி என்றால் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் பிளவு. நாணயத்தின் தடிமன் அதைவிடக் குறைவு. நுழையாமல் என்ன செய்யும்? கால் டிகிரியைக் கண்ணால் பார்க்க முடியாது. எட்டு பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் கடன் வாங்கி, ஒன்பதாவது ஆள் தலையில் கட்டிய மாதிரி இருந்தது.

கால் டிகிரி எங்கிருந்து வந்தது என்றால், பெட்டியிலிருந்து. மைட்டர் பாக்ஸின் வெட்டுத்தடம் ரம்பத்தின் தகட்டைவிட அகலமாக இருக்கிறது. உள்ளே ரம்பம் ஆடுகிறது. நான்கைந்து சட்டம் வெட்டியதும் பிளாஸ்டிக் இன்னும் தேய்ந்து, ஆட்டம் கூடிவிடும். அதோடு, கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு அறுத்தால் கடைசி நாலைந்து இழுப்பில் பட்டை நகரும். நகர்ந்தது தெரியவே தெரியாது. பட்டையையும் பெட்டியையும் சேர்த்து ஒரு கிளாம்ப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடுகிறது. பட்டையின் முகம் மேலே இருக்க வேண்டும், வெட்டும் கோட்டில் முதலில் கூரான கத்தியால் ஒரு கீறல் போட வேண்டும். கீறாமல் அறுத்தால் முகத்தில் சிராய் எழும்பும். பாலிஷ் போட்ட பட்டை என்றால் அது வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

அளவு எடுப்பதில் ஒரு விஷயம் மட்டும். படம், கண்ணாடி இரண்டும் உட்காரப் போவது காடிக்குள். படம் 381க்கு 305 மில்லிமீட்டர். அதற்கு 3 மில்லிமீட்டர் தளர்வு சேர்க்கிறேன். அன்றைய பட்டையின் அகலம் 40, அதில் காடி 8 போக மீதி 32. இரண்டு பக்கமும் சேர்த்து 64. ஆக வெளிப்பக்க நீளம் 381, 3, 64 மூன்றையும் கூட்டி 448. குட்டைக் கட்டைக்கு 372. நான்கும் சேர்ந்து 1640 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. நான் ஏழடி வாங்குவேன். மிச்சத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒரு மூலையை முதலில் ஒத்திகை பார்த்துக்கொள்வேன். தளர்வே விடாமல் ஒரு முறை சட்டம் செய்து, கண்ணாடி நுழையாமல் கண்ணாடிக்காரரிடம் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு ஓரத்தில் நூல் அளவு அறுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆசாரி அண்ணன் கற்றுக் கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இரண்டு கட்டைகளையும் மூலை மட்டத்தில் 90 டிகிரிக்கு அணைத்து, அசையாமல் பலகையோடு இறுக்கிவிட வேண்டும். நடுவில் கொஞ்சம் பிளவு தெரியும், தெரியட்டும். இப்போது மெல்லிய ரம்பத்தை எடுத்து, அந்த இணைப்புக் கோட்டின் மேலேயே நேராக மேலிருந்து கீழே அறுக்க வேண்டும். ரம்பம் எங்கெங்கே மரம் முட்டுகிறதோ அங்கே தின்றுகொண்டு போகும், பிளவு இருக்கும் இடத்தில் சும்மா போகும். அறுத்து முடித்து இரண்டையும் நெருக்கினால் இரு முகங்களும் கண்ணாடியும் பிம்பமும் போல் உட்காருகின்றன. ஒரே ரம்பம், ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு போனதால் இரண்டும் ஒன்றுக்கொன்று இணை. முதல் தடவையில் தீரவில்லை என்றால் இன்னொரு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் போய்விடும், அதனால் நான்கு மூலைக்கும் அதே எண்ணிக்கையில் ஓட்ட வேண்டும். தளர்வை 3 மில்லிமீட்டராக வைத்திருப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

இதைச் செய்து பார்த்த பிறகு எனக்கு இன்னொன்று விளங்கியது. ஒவ்வொரு வெட்டும் 45 ஆக இருக்க வேண்டும் என்று நான் மாய்ந்துகொண்டிருந்தேன். உண்மையில் மூலைக்கு வேண்டியது இரண்டு வெட்டும் சேர்ந்து 90. ஒன்று 44 முக்கால், இன்னொன்று 45 கால் என்றால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பிளைவுட் பலகை ஒன்றில் துல்லியமான 90 டிகிரி மூலை உள்ள கட்டையை முக்கோணமாகப் பதித்து, ஓரத்தில் உப்புத்தாள் ஒட்டிய இன்னொரு கட்டையை அதன் எதிரே முன்னும் பின்னும் ஓட்டினேன். இடது கட்டையை முக்கோணத்தின் இடது பக்கம் அணைத்துத் தேய்க்கிறேன், வலதை வலப்பக்கம். முக்கோணம் கொஞ்சம் சாய்வாகப் பதிந்திருந்தாலும் ஒரு பக்கம் குறைவது மறுபக்கம் கூடிவிடும். நிரப்புக் கோணங்களை இத்தனை வருஷம் நடத்தியும் அதைக் கையால் தொட்டது அப்போதுதான்.

சரி, பசைக்கு வருகிறேன். மூலையின் வெட்டுமுகத்தில் தெரிவது மரத்தின் நார் முனைகள். கரும்பின் வெட்டுமுகம் மாதிரி அது உறிஞ்சும். ஒரே தடவை பசை தடவி ஒட்டினால் பசை உள்ளே போய்விட்டு இணைப்பு வறண்டு நிற்கும். முதல் சட்டத்தின் மூலையைப் பிரித்தபோது ‘டக்’ என்று சுலபமாகக் கழன்றதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது கொஞ்சம் தண்ணீர் கலந்த பசையை முதலில் மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு கெட்டிப் பசை தடவி ஒட்டுகிறேன். தேக்கில் ஒரு வேலை கூடுதல். அதில் எண்ணெய்ப் பசை உண்டு. புதிதாக உப்புத்தாள் போட்டு, தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்து, அது காய்ந்த கையோடு ஒட்டிவிட வேண்டும்.

இறுக்குவதற்கு நான்கு மூலை கிளாம்ப் விற்கிறது. நான் வாங்கவில்லை. பழைய சைக்கிள் டியூபை ஒரு அங்குல அகலப் பட்டையாக நீளமாக வெட்டி, சட்டத்தைச் சுற்றி இழுத்து இழுத்து நான்கு சுற்றுச் சுற்றினால் போதும். ரப்பர் எல்லா மூலையையும் ஒரே பலத்தோடு உள்ளே தள்ளும். கயிறு அப்படிச் செய்யாது, முடிச்சுப் போட்ட பக்கம் மட்டும் இறுகும். மூலை நசுங்காமல் இருக்க, ‘ட’ வடிவத்தில் மடித்த கெட்டி அட்டையை வைக்கிறேன். சுற்றியதும் மூலைவிட்டம் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் கோணாமல் நிற்கிறது. இல்லாவிட்டால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கையால் லேசாக அழுத்தினால் சரியாகிவிடும். பசை இறுகும் முன் இதற்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் போன் அடித்தால் எடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுவது நல்லது.

பெரிய சட்டம் என்றால் நான்கையும் ஒரே நாளில் ஒட்டுவதில்லை. முதல் நாள் இரண்டு ‘ட’ செய்வேன். மறுநாள் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் மிச்சமிருக்கிற தப்பு இரண்டு மூலைக்குப் பங்காகித் தெரியும், ஒரே மூலையில் வந்து குவியாது. ரம்ப ஓட்டமோ உப்புத்தாளோ போட்டு அந்த இரண்டையும் சரிசெய்துகொள்ளலாம்.

வெறும் பசையை நம்பிக் கண்ணாடி போட்ட சட்டத்தை மாட்டக் கூடாது. இந்த அளவுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட 900 கிராம் வரும். அதைச் சுமப்பது கீழ்க்கட்டை, கீழ்க்கட்டையைச் சுமப்பது கீழ் மூலைகள் இரண்டும். ஆரம்பத்தில் ஆணி அடித்தேன். அடிக்க அடிக்க ஒரு கட்டை சாய்வின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஆணி இறங்கியபோது மூலையில் ஒரு படிக்கட்டு. அடித்தே ஆக வேண்டும் என்றால், ஆணியைவிட மெல்லிய துளையை முன்பே போட்டு, ஆணி ஏறும் கட்டையை மயிரிழை வெளியே தள்ளி வைத்து அடிக்க வேண்டும். அடியில் அது தானாக வழுக்கி இடத்துக்கு வந்துவிடும். ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டால் மரம் பிளக்காது. கூர்முனை நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கியது நசுக்கிக்கொண்டு இறங்கும்.

நான் ஆணியை விட்டே விட்டேன். பசை நன்றாகக் காய்ந்த பிறகு, மூலையின் வெளிப்பக்கத்தில் குறுக்கே ரம்பத்தால் இரண்டு வெட்டு வெட்டி, அதில் பசை தடவிய மெல்லிய மரத்தகட்டைச் சொருகி, காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவிவிடுகிறேன். தகட்டுக்கு எங்கே போவது? ஐஸ்கிரீம் குச்சி. அதை உப்புத்தாளில் தேய்த்து மெல்லியதாக்கினால் ரம்பத்தடத்தில் கச்சிதமாக நுழைகிறது. ஹேக்சா பிரேமில் இரண்டு பிளேடுகளைச் சேர்த்து மாட்டி அறுத்தால் தேய்க்கும் வேலையும் குறையும். குச்சியின் நார் மூலையின் குறுக்கே ஓடுவதால் அந்த இணைப்பைக் கையால் பிரிக்க முடியவில்லை. ஒரு ஒத்திகை மூலையை ஏறி மிதித்துப் பார்த்தேன். முறிந்தது கட்டைதான், இணைப்பு நின்றது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஐப்பசியில், ஒரு வாரம் விடாமல் மழை பெய்துகொண்டிருந்தபோது, அதே கிருஷ்ணனுக்குப் புதுச் சட்டம் செய்தேன். மறுபடியும் அகலமான பைன் பட்டை. மூலையில் கோடு மட்டும்தான் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பங்குனி முடிவதற்குள் நான்கு மூலையும் உள்பக்கமாக வாய் பிளந்துவிட்டது. நான்கும் ஒரே அளவில், ஒரே மாதிரி. வெளிமுனைகள் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

இந்தத் தடவை என் வெட்டில் தப்பில்லை. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், ஆனால் அகலத்தில்தான். நீளத்தில் அது கிட்டத்தட்ட அசையாது. 45 டிகிரியில் வெட்டிய பட்டையின் அகலம் மட்டும் குறைந்தால் கோணம் 45க்குக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 90 வராததால் உள்பக்கம் பிளக்கிறது. வெயிலில் ஒட்டி மழையில் ஊதினால் இதே விஷயம் தலைகீழாக, வெளிமுனையில் திறக்கும். திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு பிளவு. அதனால் வாங்கிய பட்டையை இப்போது இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே, பீரோவுக்கு மேல் போட்டு வைக்கிறேன். மழை நாளில் மரக்கடைப் பக்கமே போவதில்லை. அகலம் 25 மில்லிமீட்டருக்கு மேல் எடுப்பதில்லை. பணம் இருந்தால் தேக்கு, அது சுருங்குவதும் ஊதுவதும் குறைவு.

மயிரிழைப் பிளவுக்கு வைத்தியம் உண்டு. திருப்புளியின் உருண்டைத் தண்டை மூலையின் விளிம்பில் அழுத்தித் தேய்த்தால் இரண்டு பக்க நாரும் நசுங்கி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கோட்டை மறைத்துவிடும். அதைவிடப் பெரிய பிளவுக்கு மரத்தூளும் பசையும் பிசைந்து அடைப்பது வழக்கம். ஆனால் பசை பட்ட இடத்தில் பாலிஷ் ஏறாது, திட்டாக நிற்கும். வெளியே கசிந்த பசைக்கும் இதே கதிதான். உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். நான் பட்டைக்கு முதலில் பாலிஷ் போட்டுவிட்டுப் பிறகுதான் வெட்டுகிறேன்.

போன மாதம் இந்தப் படத்துக்கு மூன்றாவது சட்டம் முடிந்தது. தேக்கு, 25 மில்லிமீட்டர், மூலைக்கு இரண்டு ஐஸ்கிரீம் குச்சி. கிருஷ்ணன் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறான். மழையில் செய்த சட்டம் பரணில் கிடக்கிறது. ஆசாரி அண்ணன் பத்திரிகை வைக்க வந்தவர், சுவர்ப் பக்கம் போய் ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரல் நகத்தை நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். நகம் எங்கேயும் நிற்கவில்லை. அவர் இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“கொக்கி ஒரு பக்கம் எறங்கியிருக்கு டீச்சர்.”